கிட்டத்தட்ட எழுத்தே இல்லாத படப்புத்தகம்: எதைப் படித்துக் காட்டுவது?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 3

இரண்டரை வயது மகளுக்கு ஒரு படப்புத்தகம் பரிசாக வந்தது. மொத்தப் புத்தகத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். ஒரு நிமிடத்தில் புரட்டி முடித்துவிட்டேன். அவளோ விடுவதாக இல்லை, தினமும் அதையேதான் தூக்கிக்கொண்டு வருகிறாள். அதில் என்னத்தைப் படித்துக் காட்டுவது? எழுத்தே இல்லாததைப் புத்தகம் என்று விற்பது ஏமாற்று வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

ஜூன் 3

ஏமாற்று வேலை இல்லை. உங்களுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்த புத்தகம் அவளுக்கு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தைத் திறந்ததும் பெரியவர்களாகிய நாம் எழுத்தைத்தான் தேடுகிறோம். எழுத்து இல்லாவிட்டால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கதை வாசித்துக் காட்டும்போது குழந்தைகளின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துக் கவனித்த ஆய்வு ஒன்றைக் கனடா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் எழுத்தின் பக்கம் கண்ணைத் திருப்பியதே அபூர்வம். பார்வை முழுக்கப் படத்திலேயே இருந்தது.

அப்படியென்றால் உங்கள் மகளின் கண்ணுக்கு வீட்டில் இருக்கிற எல்லாப் புத்தகமும் எழுத்தில்லாத புத்தகம்தான். இந்த ஒன்றில் மட்டும் உங்களுக்கும் எழுத்து இல்லை. அவளும் நீங்களும் ஒரே நிலையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அவளுக்குப் பிடித்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3, இரவு

சற்று முன் சின்னவனைத் தூங்கவைக்கும்போது அப்படி ஒரு புத்தகத்தைத்தான் எடுத்தோம். பெக்கி ராத்மன் 1994இல் வெளியிட்ட 'குட் நைட், கொரில்லா'. விலங்குக் காட்சிசாலைக் காவலர் ஒவ்வொரு கூண்டாகப் போய் 'இரவு வணக்கம்' சொல்கிறார். அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிய கொரில்லா பின்னாலேயே வந்து எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிடுகிறது. விலங்குகள் வரிசை கட்டி அவர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் வந்துவிடுகின்றன. அச்சில் இருப்பது அந்த வணக்கம் மட்டுமே. மற்றதெல்லாம் படம்.

இதை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று எனக்கே தெரியாது. இன்றைக்குத்தான் அவன் பலூனைக் காட்டினான். முதல் பக்கங்களில் கை நழுவிப் போன பலூன் ஒன்று, பின்னால் வரும் பக்கங்களில் மூலையில் சின்னதாகிக்கொண்டே போகிறது. "இங்க இருக்கு பாரு, இன்னும் போகுது!" அதற்கு முன் சுண்டெலியைக் கண்டுபிடித்திருந்தான். ஒரு வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு அது கதை முழுக்க நடக்கிறது. அதற்கும் முன்னால் சாவிகள். ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு நிறம், அதே நிறத்தில் ஒரு சாவி.

இதில் ஒன்றைக்கூட எழுத்து சொல்லாது. 'சுண்டெலி வாழைப்பழத்தை இழுத்துச் சென்றது' என்று ஒரு வரி கீழே அச்சாகியிருந்தால் அது எழுதியவரின் சுண்டெலி. இப்போது அவனுடையது.

ஜூன் 4

'குழந்தை அதையே திரும்பத் திரும்பக் கேட்பது புரியாததால்தானே' என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். புரிந்ததால்தான் கேட்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில்தான் மூலையில் இருப்பதைப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

ஜூன் 5

தலைப்பில் 'கிட்டத்தட்ட' என்று இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஒரு சொல்கூட இல்லாத புத்தகம் வேறு, சில சொற்கள் மட்டும் உள்ள புத்தகம் வேறு. இரண்டாவது வகைமேல் எனக்குத் தனிப் பிரியம்.

1968இல் பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசீஸ் வாக்' புத்தகத்தில் இருப்பது ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். ரோசி என்ற கோழி முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி இறங்கி, மாவு ஆலையைக் கடந்து, வேலிக்குள் புகுந்து, தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் நுழைந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்து சொல்வது இவ்வளவுதான். படத்தில் முதலிலிருந்து கடைசிவரை ஒரு நரி கோழியின் பின்னாலேயே வருகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் கிடையாது.

அக்கா மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது இதை முதன்முதலில் காட்டினேன். நான் வாக்கியத்தை மட்டும் படித்தேன், நரியைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டாவது பக்கத்திலேயே என் கையைப் பிடித்து இழுத்தாள். "சித்தி, நரி! நரி வருது சித்தி!" நான் மறுபடியும் கோழி நடந்து போவதை மட்டும் படித்தேன். எனக்குத் தெரியவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நரியை விரலால் அழுத்தி அழுத்தி எனக்குக் காட்டினாள். கோழியிடமும் சொன்னாள், உரக்க.

சாப்பிடுவதிலிருந்து தூங்குவதுவரை பெரியவர்கள் தன்னைவிட அதிகம் தெரிந்தவர்களாக இருக்கும் உலகத்தில்தான் மூன்று வயதுக் குழந்தை வாழ்கிறது. கோழிக்குத் தெரியாதது, அச்சிட்ட எழுத்துக்குத் தெரியாதது, படிக்கிற சித்திக்கும் தெரியாதது ஒன்று தனக்குத் தெரிகிறது என்றால் அதற்கு எவ்வளவு பெருமை! அந்த ஒற்றை வாக்கியம் இல்லாமல் வெறும் படமாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பெருமை கிடைத்திருக்காது. நரியைச் சொல்லாமல் விட ஒரு எழுத்து வேண்டும். அதனால்தான் அந்தச் சில சொற்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

அதே புத்தகத்தில் பக்கம் திரும்பும் விதத்தையும் கவனியுங்கள். எழுத்துள்ள பக்கத்தில் நரி பாயத் தயாராக இருக்கிறது. திருப்பினால் எழுத்தே இல்லாத பக்கம், அங்கே நரி அடிபடுகிறது. தோட்டத்து வாரியின் பல்லில் காலை வைக்கிறது, அதன் கைப்பிடி எழும்பி மூக்கில் அறைகிறது. அடுத்து குளத்தில் விழுகிறது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று. ஒன்றிரண்டு சுற்றிலேயே குழந்தை இதைப் பிடித்துக்கொள்ளும். பாயும் பக்கத்தில் நம் கையைத் தடுத்து நிறுத்தி, "இரு இரு" என்று ஒரு நொடி தாமதித்து, பிறகு தானே திருப்பும். அந்த ஒரு நொடியில் அதன் முகத்தைப் பாருங்கள், புத்தகத்தை அல்ல.

ஜூன் 6

'எனக்குக் கதை சொல்ல வராது, எழுத்து இருந்தால் தப்பித்துக்கொள்வேன், இல்லாவிட்டால் கூச்சமாக இருக்கிறது' என்று எழுதியவருக்கு.

நீங்கள் கதை சொல்லவே வேண்டாம். உம் கொட்டுங்கள். நமக்குக் கதை சொன்ன பெரியவர்களெல்லாம் நாம் உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள், நினைவிருக்கிறதா? இந்தப் புத்தகங்களில் அந்த இடம் மாறுகிறது. சொல்வது குழந்தை, உம் கொட்டுவது நாம். 'உம்', 'அட', 'அய்யய்யோ', 'அப்புறம்?' இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை முழுதாக முடித்துவிடலாம். நான் முடித்திருக்கிறேன்.

இரண்டரை வயதில் 'சொல்வது' என்றால் வாக்கியமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விரல் நீட்டுவது, "டும்" என்பது, விழுந்த நரிபோலத் தானும் மெத்தையில் விழுந்து காட்டுவது, எல்லாம் கதைதான்.

ஜூன் 6

ஒன்று விட்டுப்போயிற்று. பரீட்சை வைக்காதீர்கள். 'இது என்ன நிறம்? யானை எங்கே? எத்தனை கூண்டு இருக்கு?' இப்படி மூன்று கேள்வி போதும், குழந்தை எழுந்து போய்விடும். பதில் நமக்கே தெரிந்த கேள்வியைக் கேட்பது பேச்சு ஆகாது என்று குழந்தைக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டே ஆக வேண்டுமென்றால் உண்மையிலேயே தெரியாததைக் கேளுங்கள். கொரில்லா ஏன் அவர் வீட்டுக்குப் போகிறது? எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னவன் ஒருநாள் "அதுக்கு மெத்தை வேணும்" என்றான். இன்னொரு நாள் "அது அவங்க பாப்பா" என்றான்.

ஜூன் 9

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், எழுதிவிடுகிறேன்.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரக்குழந்தைகள் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "அம்மாகிட்ட போ கண்ணு, பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்று அனுப்பிவிடுவார். கண் நன்றாகத்தான் தெரியும். பெரியவளுக்கு ஐந்து வயதானபோது அது அவளுக்கும் புரிந்துவிட்டது. பாட்டியிடம் புத்தகம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள்.

சின்னவனுக்கு இந்த எழுத்தில்லாப் புத்தகங்கள் வந்த பிறகு ஒருநாள் அவன் பாட்டி மடியில் உட்கார்ந்து நரியும் கோழியும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டி கதை சொல்வது காதில் விழுந்தது. கோழியின் கதை இல்லை அது, நரியின் கதை. நரிக்கு வீட்டில் குட்டிகள் இருக்கின்றனவாம், இரண்டு நாளாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். "பாவம்டா, அதுக்கும் பசிதானே." மாவு மூட்டை தலையில் கொட்டும் பக்கத்தில் இரண்டு பேரும் "ஐயோ" என்றார்கள். அவன் நரியின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

நான் அத்தனை முறை காட்டியும் நரி பக்கம் நின்று அந்தப் புத்தகத்தைப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. படித்தவர்கள் வாயிலாக மட்டுமே புத்தகம் குழந்தையிடம் போக வேண்டும் என்றால், வீட்டில் எத்தனை பேருடைய கதைகள் வெளியே நின்றுவிடுகின்றன! இப்போது அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வரிசை பாட்டியின் புத்தகங்கள். பெரியவளும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஜூன் 10

இல்லை, நரி கடைசியில் கோழியைப் பிடிக்காது. தேனீக்கள் துரத்த ஓடிப்போகும். கேட்டவரின் குழந்தை தூங்கப் போகலாம்.

ஜூன் 10, மாலை

மாவு மூட்டை என்றதும் ஒரு சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள்: நரி பின்னால் வருவது ரோசிக்குத் தெரியுமா, தெரியாதா? ஆலைப் பக்கத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கோழியின் காலில் ஒரு கயிறு மாட்டியிருக்கிறது. அது இழுபட்டுத்தான் மூட்டை நரியின் தலையில் கொட்டுகிறது. தெரிந்தே இழுத்ததா, தற்செயலாகக் காலில் சிக்கியதா? முகத்தில் ஒன்றும் தெரியாது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே முகம்.

எங்கள் வீட்டில் இதில் மூன்று கட்சி. பெரியவள், "தெரியும், ஆனா காட்டிக்க மாட்டா." சின்னவன், "தெரியாது, நான் சொல்லணும்." மாமியார், "தாய்க்கோழிக்குத் தெரியாமலா இருக்கும்?" எழுதியவர் ஒரு சொல் கூடுதலாகப் போட்டிருந்தாலும் இந்த வழக்கு முடிந்துபோயிருக்கும்.

ஜூன் 14

'இதையெல்லாம் பாசத்தில் சொல்கிறீர்கள், மொழி வளர்ச்சிக்கு இதனால் என்ன பயன்' என்று கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

மொழியியலாளர்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு குழந்தைப் புத்தகம் உண்டு. 1969இல் மெர்சர் மேயர் வரைந்த 'ஃபிராக், வேர் ஆர் யூ?'. 24 படங்கள், சொல் கிடையாது. பையன் ஒருவன் புட்டியில் வைத்திருந்த தவளை இரவில் தப்பிவிடுகிறது. அவனும் நாயும் காடெல்லாம் தேடுகிறார்கள். ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி என்று ஐந்து மொழி பேசுவோரிடம் இந்தப் படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது வயதுக் குழந்தைகள், கூடவே பெரியவர்கள். 1994இல் அது தடித்த நூலாக வந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ மொழிகளில் அதே தவளையை வைத்துக் கதை கேட்டுவிட்டார்கள். சொல் இல்லாததால் எந்த மொழிக்கும் அந்தப் புத்தகம் அந்நியமில்லை, அதுதான் காரணம்.

மூன்று வயதில் ஒவ்வொரு படமும் தனித்தனி: 'நாய். பையன். மரம்.' ஐந்து வயதை ஒட்டி ஒன்றை ஒன்றோடு கோக்கிறார்கள், 'அப்புறம்', 'அதனால' வருகிறது. ஒன்பது வயதில் தொடக்கத்தில் தொலைந்த தவளையைக் கடைசிவரை நினைவில் வைத்துச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் பையன் பாறைமேல் ஏறி, மரக்கிளைபோலத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தவளையைக் கூப்பிடுகிறான். அடுத்த பக்கத்தில் அவன் மானின் தலைமேல் கிடக்கிறான். சின்னவன் "மான்!" என்றான், கைதட்டினான், அவ்வளவுதான். பெரியவள் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். கிளையை விரலால் தடவினாள். மறுபடி மானுக்கு வந்தாள். "அம்மா, அது கிளை இல்ல, கொம்பு. அவன் கிளைன்னு நெனச்சுட்டான்."

'நெனச்சுட்டான்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் புத்தகங்களை வாங்குவேன். இன்னொருவர் மனதில் என்ன ஓடியது, அது உண்மையிலிருந்து எப்படி விலகியது என்று அவளாகக் கண்டுபிடித்து, அவளாக ஒரு வாக்கியம் கட்டியிருக்கிறாள். நான் படித்துக் காட்டியிருந்தால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்கும்.

ஜூன் 15

பயன் பற்றி இன்னும் ஒன்று. 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோர்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்படுவது. படப்புத்தகம் பார்க்கும்போது குழந்தையைப் பேசவிடுவது, 'ஆமா, இல்ல' என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதை எடுத்துக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான் பயிற்சி. ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பேச்சில் முன்னால் போயிருந்தார்கள். அது எழுத்தில்லாப் புத்தகங்களைப் பற்றிய ஆய்வு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த முறையை எழுத்துள்ள புத்தகத்தில் செய்ய நாம் வாசிப்பை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். எழுத்தில்லாதது தானாகவே அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

குழந்தை "நாய் விழு" என்றால் "ஆமா, நாய் ஜன்னல்லேர்ந்து விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்த முறை ஜன்னல் அதன் வாயில் வரும்.

ஜூன் 17

'அப்படியானால் எழுத்துள்ள புத்தகமே வேண்டாமா?' வேண்டும், நிச்சயமாக வேண்டும். படித்துக் காட்டுவதில் கிடைக்கும் ஒன்று இதில் கிடைக்காது. வீட்டில் யாரும் பேசாத சொற்கள், நீண்ட வாக்கியத்தின் ஓட்டம், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் தாளம், இதெல்லாம் நன்றாக எழுதியவரின் எழுத்திலிருந்துதான் வர வேண்டும். நான் உம் கொட்டினால் வராது. எழுத்துகளை அடையாளம் காணவும் இந்தப் புத்தகங்கள் உதவாது.

ஆனால் 'படிக்கத் தெரியாதவரை இது போதும், பிறகு உண்மையான புத்தகம் தரலாம்' என்று ஒருவர் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. இதுவும் உண்மையான புத்தகம். எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் திருப்புவது, இந்தப் பக்கத்து நரியும் அந்தப் பக்கத்து நரியும் ஒரே நரி, நடந்ததை வைத்து வரப்போவதை ஊகிப்பது என்று வாசகர் செய்யும் வேலை அத்தனையும் இங்கே நடக்கிறது.

ஒரே நரி என்பது லேசான விஷயம் என்று நினைக்க வேண்டாம். சின்னவன் வெகுநாள் "நிறைய நரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்துக்கு ஒரு நரி. நான் திருத்தவில்லை. ஒருநாள் மாவு கொட்டிய நரியைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் குளத்தில் விழுந்த நரியைப் பார்த்தான். "இதான் அது!" என்று கத்தினான்.

ஜூன் 22

எழுத்தைக் குறைத்தால் எது முதலில் போகும்? நீதி. இதை நான் பெரிய லாபமாக நினைக்கிறேன்.

சிங்கமும் சுண்டெலியும் ஈசாப் கதைகளில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. ஜெர்ரி பிங்க்னி 2009இல் அதை வரைந்தபோது கதைசொல்லும் வரி ஒன்றுகூட வைக்கவில்லை. இருப்பது ஆந்தையின் அலறல், எலியின் கீச்சு, சிங்கத்தின் உறுமல் போன்ற ஓசைகள் மட்டும். முன்னட்டையில் தலைப்புகூட இல்லை, சிங்கத்தின் முகம்தான் முழுப் பக்கமும். 2010இல் அமெரிக்காவின் கால்டிகாட் விருது அதற்குக் கிடைத்தது.

'சிறியவர் என்று யாரையும் இகழாதே' என்று கடைசியில் யாரும் சொல்வதில்லை. பெரியவள் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, "சிங்கம் ஏன் மொதல்ல எலிய விட்டுச்சு? பசிக்கலயா?" என்றாள். நீதி அச்சாகியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. பதில் கையில் கிடைத்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

அப்புறம் இந்த ஓசைச் சொற்கள். உறுமவும் கீச்சிடவும் பெரியவர்கள் தயங்கக் கூடாது. அந்தப் பக்கங்களில் நமக்குக் கொடுத்திருக்கும் வேலையே அதுதான்.

ஜூன் 24

வேறு மொழி பேசும் வீட்டில் வளரும் குழந்தைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2012இல் ஐபிபி என்ற சர்வதேசக் குழந்தை நூல் அமைப்பு லம்பேடுசா தீவுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் கடல் கடந்து அகதிகள் வந்து இறங்கும் இத்தாலியத் தீவு அது. அங்கே நூலகம் அமைக்க வேண்டும், வரும் குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் சேர்ந்து பார்க்க வேண்டும். எந்த மொழிப் புத்தகத்தை வைப்பது? உலகம் முழுவதிலுமிருந்து சொல்லில்லாப் புத்தகங்களைத் திரட்டினார்கள்.

உங்கள் வீட்டுக்கும் அதே வழிதான். ஒரே புத்தகத்தை அப்பா ஒரு மொழியிலும் அம்மா ஒரு மொழியிலும் சொல்லலாம். எது மூலம், எது பெயர்ப்பு என்ற பேச்சே எழாது.

ஜூன் 30

'எந்த வயதில் தொடங்குவது? எட்டு மாதக் குழந்தை படத்தைப் பிய்க்கப் பார்க்கிறது.'

பிய்க்கவில்லை, எடுக்கப் பார்க்கிறது. ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் படத்தில் இருக்கும் பொருளைக் கையால் கிள்ளித் தூக்க முயன்றார்கள். பத்தொன்பது மாதக் குழந்தைகள் அதை விட்டுவிட்டு விரல் நீட்டிக் காட்டினார்கள். இடைப்பட்ட மாதங்களில்தான் படம் பொருள் அல்ல, பொருளைக் காட்டுவது என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே எட்டு மாதத்துக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே பொருள், சுற்றிலும் வெற்றிடம். கதையெல்லாம் பிறகு.

இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி இந்த வயதுக்கென்று 1980இல் 12 குட்டிப் புத்தகங்கள் செய்தார். பத்து சென்டிமீட்டர் சதுரம், தாள், மரம், துணி, பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளில். தொட்டுப் பார்ப்பதே வாசிப்பு. புத்தகம் என்றால் சந்தோஷம் தரும் ஒரு பொருள் என்று குழந்தைக்கு முதலில் தெரியட்டும் என்பது அவர் எண்ணம். கிள்ளித் தூக்க முயலும் கைக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 8

ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978) மூன்று வயதுக்கு ஏற்றதா என்று கேட்டவருக்கு: படங்கள் ஏற்றவை, அமைப்பு கொஞ்சம் கடினம். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று கண் பழக வேண்டும். மூன்று வயதுக் குழந்தை பிடித்த கட்டத்துக்கு நேரே போய்விடும், வரிசை கலைந்துவிடும். ஐந்து வயதில் தானாக வரும்.

இன்னொன்று, கடைசியில் பனிமனிதன் உருகிவிடுகிறான். பையன் நின்று பார்க்கிறான். ஆறுதல் சொல்ல ஒரு வரி கிடையாது. பெரியவள் முதல்முறை பார்த்தபோது வெகுநேரம் பேசவில்லை. நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். "மறுபடி செஞ்சுக்கலாம்" என்றாள்.

எட்டு வயதுக்காரர்களிடமிருந்து இந்தப் புத்தகங்களைப் பிடுங்கி 'நீ பெரியவனாயிட்ட' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த குழந்தை இவற்றில் பார்ப்பது வேறு.

ஜூலை 9

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்.

படங்களுக்குக் கீழே கதையை நாமே பேனாவால் எழுதிவைக்கலாமா? எழுதாதீர்கள். எழுதினால் அன்றைய கதை மட்டும் நின்றுவிடும். அவள் சொல்வது பிடித்திருந்தால் தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதுங்கள், மூன்று மாதம் கழித்து அதே புத்தகத்துக்கு அவள் வேறு கதை சொல்வாள், அதையும் எழுதுங்கள்.

அடுத்த புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் நின்றபடியே ஒரு முறை வேகமாகப் புரட்டுங்கள், பிறகு மூலைகளை மட்டும் பார்த்து இன்னொரு முறை. இரண்டாவது முறையில் புதிதாக ஒன்றும் கண்ணில் படாவிட்டால் வைத்துவிடுங்கள். இரண்டரை வயதுக்குக் கட்டம் கட்டமாக இருப்பதையும் இப்போதைக்கு வைத்துவிடுங்கள், பக்கத்துக்கு ஒரு படமே போதும். முடிந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். நீங்கள் அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தரையில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்திருப்பாள், அதை வாங்குங்கள்.